முதல் தடவை வீட்டில் பானம் புளிக்கவைக்க: டப்பா பீரா, இஞ்சி சோடாவா?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் சித்தி மகன் பொங்கலுக்கு மன்னார்குடி வருகிறான். போன வாரம் போனில் கேட்டான்: “அண்ணே, பீர் போடுற டப்பா செட் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். பெட்டியில போட்டுக் கொண்டாரேன். நம்ம வீட்டுக் கொல்லைப்பக்கத்துலயே ரெண்டு பேரும் சேர்ந்து போட்டுப் பார்ப்போமா?”

நானும் பல வருடம் அங்கே இருந்துவிட்டு வந்தவன்தான். அடுக்குமாடி வீட்டின் அறை மூலையில் மூன்று முறை பீர் போட்டிருக்கிறேன். அதனால் அவன் ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனாலும் கொண்டு வராதே என்றுதான் சொன்னேன். ஏன் என்பதையும், அதற்குப் பதில் இங்கே என்ன செய்யலாம் என்பதையும் போனில் முழுதாகச் சொல்ல முடியவில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்களில் இன்னும் சிலருக்கும் இதே யோசனை வந்திருக்கும். அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் சட்டம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937ஆம் ஆண்டைச் சேர்ந்தது, இன்றும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். விற்கவில்லை, நாங்கள் குடிக்கத்தான் போட்டோம் என்று சொல்லித் தப்ப முடியாது. டாஸ்மாக் கடையில் பீர் வாங்கலாம், வீட்டில் போடக் கூடாது. சொந்தத் தோப்புத் தென்னையில் கள் இறக்குவதற்கே இங்கே தடை இருக்கும்போது பீருக்கு எங்கே இடம்? காரைக்காலில் சித்தப்பா வீடு இருக்கிறதே என்றும் தம்பி கேட்டான். காரைக்கால் புதுச்சேரி ஆட்சியில் இருப்பதால் கடையும் விலையும் வேறுதான். ஆனால் உரிமம் இல்லாமல் தயாரிப்பது அங்கேயும் குற்றமே.

அவன் இருக்கும் ஊரில் நிலைமை வேறு. சிங்கப்பூரில் 18 வயது ஆனவர்கள் சொந்த உபயோகத்துக்கு, தங்கள் வீட்டிலேயே, ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை பீர் போட்டுக்கொள்ளலாம். விற்கக் கூடாது, சாராயம் வடிக்கக் கூடாது. ஒரு டப்பாவில் 23 லிட்டர் வரும் என்பதால் மாதம் ஒரு டப்பா என்று கணக்கு சரியாக இருக்கும். மற்ற நாடுகளிலும் இந்த உரிமை சும்மா கிடைத்துவிடவில்லை. இங்கிலாந்தில் 1963 வரை வீட்டில் பீர் போட உரிமம் எடுக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1978இல்தான் கூட்டரசுச் சட்டம் இதற்கு வழிவிட்டது.

நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, “சாராயமா காய்ச்சப் போறீங்க?” என்று பதறிவிட்டார். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் ‘வீட்டில் காய்ச்சுவது’ என்றாலே கள்ளச்சாராயம்தான் நினைவுக்கு வரும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை யாரும் மறக்கவில்லை. பீரை அப்படிக் காய்ச்சி வடிப்பதில்லை. முளைகட்டிய பார்லியின் இனிப்புச் சாற்றில் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவிடுவதுதான் பீர். அதனால் அந்த விஷத்துக்கு இதில் வழியில்லை. அம்மாவுக்கு இட்லி மாவை வைத்துச் சொன்னதும் உடனே புரிந்தது.

இட்லி மாவையே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மார்கழியில் இரவு முழுக்க வைத்தாலும் மாவு அசையாது. அம்மா பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி வைப்பார். அதே மாவு கத்திரி வெயிலில் நாலு மணி நேரத்தில் பொங்கி மேடையில் வழியும். புளிக்கும் எந்தப் பொருளுக்கும் சமையல் குறிப்பைவிட வெக்கைதான் முக்கியம். முதல் தடவை எதைப் போடலாம் என்று நான் ஒப்பிட்டுப் பார்ப்பதும் இதை வைத்துத்தான். நம் வீட்டு வெக்கைக்கு எது ஒத்துவரும்?

டப்பா பீர் எப்படி என்று சொல்கிறேன். 1.7 கிலோ டப்பாவில் மால்ட் பாகு, அதாவது முளைகட்டிய பார்லியின் பாகு இருக்கும். கரும்புச் சாறு வெல்லமாகத் திரளும் முன் கொப்பரையில் இருக்குமே, ஏறக்குறைய அந்தப் பதம். கசப்புக்கான ஹாப்ஸ் என்ற பூ அதிலேயே சேர்ந்திருக்கும். டப்பாவைச் சுடுதண்ணீரில் வைத்து இளக்கி, இரண்டு லிட்டர் கொதிநீரில் கரைத்து, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, ஒரு டிரம்மில் ஊற்றி, குளிர்ந்த தண்ணீர் விட்டு 23 லிட்டராக்க வேண்டும். சூடு தணிந்ததும் கூடவே வரும் ஈஸ்ட் பொட்டலத்தைத் தூவி மூடிவிட வேண்டும். ஒரு மணி நேர வேலை. அப்புறம் ஒரு வாரம் டிரம் தன்பாட்டுக்கு இருக்கும். மூடியில் செருகிய ஏர்லாக் வழியாகக் காற்று வெளியே போகும், உள்ளே வராது. முதல் இரவு அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கியது இன்னும் காதில் இருக்கிறது. பன்னிரண்டு மணி வாக்கில் ‘ப்ளக்’ என்று ஒன்று. கொஞ்சம் கழித்து இன்னொன்று. விடிவதற்குள் நொடிக்கு ஒன்றாக ஓடியது. டார்ச் அடித்துப் பார்த்தேன். பால் பொங்கும்போது வருவது போல் பழுப்பு நுரை நாலு விரல் உயரம் ஏறி நின்றது.

ஆனால் அந்த முதல் பீர் சரியாக வரவில்லை. குடித்த நண்பன், “என்னடா, வாழப்பழ வாசனை வருது?” என்றான். பூவன் பழத்தை உரித்துப் பக்கத்தில் வைத்தது போன்ற வாசனைதான். அதன் பின்னால் நெயில் பாலிஷ் நெடி ஒன்றும் லேசாக வந்தது. காரணம் வெக்கை. இந்த டப்பாக்களோடு வரும் ஈஸ்டுக்குப் பொதுவாக 18 முதல் 22 டிகிரி வரை தோது. என் அறையில் 30 டிகிரி. போதாததற்குப் புளிக்கும்போது ஈஸ்டே சூட்டைக் கிளப்பும், டிரம்முக்குள் வெளியே இருப்பதைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருக்கும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் அவசர அவசரமாக வேலை செய்து வேண்டாத வாசனைகளையும் சேர்த்துவிடும்.

“தை மாசக் குளிர்ல போட்டா சரியா வராதாண்ணே?” என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. தையில் நம் ஊரில் விடியற்காலை 21, 22 டிகிரிக்கு இறங்கும், மத்தியானம் 29 வரை ஏறும். ஈஸ்டுக்கு இந்த ஏற்ற இறக்கமும் ஆகாது. அவன் விடுப்போ பத்து நாள். டிரம்மில் ஒரு வாரம், பாட்டிலில் அடைத்தபின் கேஸ் ஏற இரண்டு வாரம் என்று பீருக்குக் குறைந்தது மூன்று வாரம் வேண்டும். சட்டம் வழிவிட்டாலும் இந்தக் கணக்கு உதைக்கிறது.

சரி, அங்கேயே போடட்டும். எதை வாங்கலாம்? இரண்டு வழி. ஒன்று மேலே சொன்ன டப்பா. இன்னொன்று நாலைந்து லிட்டர் மட்டும் வரும் சின்ன தானிய செட். அதில் உடைத்த மால்ட் தானியத்தை 65 முதல் 68 டிகிரி சுடுதண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டி, ஹாப்ஸ் போட்டு இன்னொரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஐஸ் தண்ணீரில் பாத்திரத்தை இறக்கிக் குளிரவைக்க வேண்டும். அரை நாள் போய்விடும். ஆனால் கைக்கு நல்ல பழக்கம், ருசியும் மேல். முதல் தடவைக்கு நான் டப்பாவைத்தான் சொல்வேன். ஏனென்றால் புதிதாக வருபவர் கற்க வேண்டியது சுத்தமும் சூட்டுக் கட்டுப்பாடும்தான். தானியத்தோடு மல்லுக்கட்டும் நாளில் இந்த இரண்டும் கை நழுவிவிடும். ஒரே ஒரு மாற்றம் செய்தால் போதும். ஒரு கிலோ வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் ஒரு கிலோ மால்ட் பொடி. சர்க்கரை போட்டால் பீர் தண்ணியாக இருக்கும், மால்ட் பொடி போட்டால் நாக்கில் நிற்கும். இரண்டாவது தடவை நான் செய்த இந்த மாற்றமே பெரிய வித்தியாசத்தைக் காட்டியது.

வெக்கைக்கு இரண்டு மருந்து. டிரம்மைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, ஐஸாக உறையவைத்த தண்ணீர் பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றிப் போடலாம். நான் அப்படித்தான் செய்தேன். வேலைக்குப் போகிறவனுக்கு அது ஒரு வாரச் சிறை. இன்னொன்று க்வைக் என்ற ஈஸ்ட். நார்வே நாட்டின் மேற்குப் பகுதிப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்தது. 35 டிகிரியைத் தாண்டியும் கெட்ட நெடி இல்லாமல் புளிக்கவைக்கும். அவ்வளவு குளிரான நாட்டுக்காரர்கள் வெக்கை தாங்கும் ஈஸ்டை வளர்த்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு. மூன்றாவது தடவை அதைப் போட்டேன். வாழைப்பழ வாசனை ஒழிந்தது. டப்பாவோடு வரும் பொட்டலத்தை ஓரம் வைத்துவிட்டு க்வைக் ஒரு பொட்டலம் தனியாக வாங்கு என்றுதான் தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன்.

சாற்றின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரும் கட்டாயம் வாங்க வேண்டும். ஆரம்பத்தில் 1.040 காட்டும் சாறு, புளித்து முடியும்போது 1.010 பக்கம் வந்து நிற்கும். இரண்டு நாள் அடுத்தடுத்துப் பார்த்து எண் மாறவில்லை என்றால்தான் பாட்டிலில் அடைக்கலாம். ஆரம்ப எண்ணுக்கும் முடிவு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கினால் மதுவின் அளவு தெரியும். இந்தக் கணக்கில் நாலு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு.

இப்போது மன்னார்குடிக்கு வருவோம். இங்கே போட மூன்று இருக்கின்றன: நீராகாரம், கொம்புச்சா, இஞ்சி சோடா.

நீராகாரத்தை எல்லாரும் அறிவார்கள். இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்தால் காலையில் லேசாகப் புளித்திருக்கும். மாப்பிள்ளைச் சம்பாவாக இருந்தால் தண்ணீரே ஒரு மாதிரி கனமாக, இளஞ்சிவப்பாக வரும். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் ‘நெல்’ ஜெயராமன் விதைநெல்லைக் கொடுத்துப் பரப்பிய புண்ணியத்தில் அந்த அரிசி இன்று எங்கள் வீட்டிலும் இருக்கிறது. என் அப்பாயி அந்தத் தண்ணீரில் மோர் கொஞ்சம் விட்டு, உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போட்டுத் தருவார். நடவுக்குப் போகிறவர்களுக்கு அதுதான் மத்தியானம் வரை தெம்பு. அதைவிட நல்லது எதுவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தம்பிக்கு வேண்டியது மூடியைத் திறந்தால் சீறும் பானம். அந்த இடத்தில் நீராகாரம் நிற்காது.

கொம்புச்சா என்பது இனிப்பு டீயைப் புளிக்கவைப்பது. அதற்குத் தாய் வேண்டும். ஆடை போல, தேங்காய் வழுக்கை போல வழவழவென்று ஒரு படலம். யாரிடமாவது கேட்டு வாங்க வேண்டும். லிட்டருக்கு 70, 80 கிராம் சர்க்கரை, பழைய கொம்புச்சா பத்தில் ஒரு பங்கு, மேலே துணி கட்டி ஒரு வாரம். நம் வெக்கையில் ஐந்தாம் நாளே பார்க்க வேண்டும், கோடையில் இரண்டு நாள் அசந்தால் வினிகர்தான். கும்பகோணத்துப் பித்தளைப் பாத்திரம் அழகாக இருக்கிறதே என்று அதில் ஊற்றிவிடாதீர்கள். புளிப்பு பித்தளையை அரித்துப் பானத்தில் இறக்கிவிடும். கண்ணாடியும் பீங்கான் ஊறுகாய் ஜாடியும்தான் சரி. இந்தப் பானத்தை மூன்று மாதம் செய்தேன், வீட்டில் என்னைத் தவிர யாரும் தொடவில்லை. அதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

என் தேர்வு இஞ்சி சோடா. ஈஸ்ட் வாங்க வேண்டாம், தாயும் வேண்டாம். இஞ்சித் தோலிலேயே வேண்டியது இருக்கிறது. ஹாரி மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளர் 1892இல் இங்கிலாந்தின் வீட்டு இஞ்சி பீரை ஆராய்ந்து, அதில் ஈஸ்டும் பாக்டீரியாவும் ஒன்றோடொன்று சேர்ந்து வாழ்வதைக் காட்டினார். 1880களின் தொடக்கத்தில் பக்கத்து இலங்கையில் காப்பித் தோட்டங்களை அழித்த இலைநோயை ஆராய்ந்தவரும் அவர்தான். அவர் பார்த்தது தனி வகைக் கட்டிகள். நாம் இஞ்சியிலிருந்து எழுப்புவது அதுவே அல்ல, ஆனால் கூட்டுக் குடித்தனம் ஒன்றுதான். நம் புளித்த மாவிலும் அதே கதைதான்.

செய்முறை இது. சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் ஒன்றரை டம்ளர் கொதித்து ஆறிய தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், கொதிக்கவைத்தால் போய்விடும். வேதாரண்யம், நாகை கடற்கரைப் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கேன் தண்ணீரே மேல். தோலைச் சீவாமல் துருவிய இஞ்சி ஒரு பெரிய ஸ்பூன், சர்க்கரை ஒரு பெரிய ஸ்பூன். கலக்கித் துணி கட்டி வையுங்கள். தினமும் அதே அளவு இஞ்சியும் சர்க்கரையும் சேர்த்துக் கலக்க வேண்டும். கோடையில் மூன்றாம் நாள், தையில் ஐந்தாம் நாள், காதைப் பக்கத்தில் வைத்தால் மழைத்தூறல் விழுவது போல ஒரு சின்னச் சத்தம் கேட்கும். இஞ்சித் துருவல் எல்லாம் மேலே மிதந்து, ஓரத்தில் கடுகளவு குமிழிகள் வரிசையாக நிற்கும். வாசனை காரமாக, லேசான புளிப்போடு இருக்க வேண்டும். பூஞ்சை தெரிந்தாலோ அழுகல் நாற்றம் வந்தாலோ முழுதும் கொட்டிவிடுங்கள்.

இந்தக் கரைசல் தயாரானதும், இரண்டு லிட்டர் தண்ணீரில் 150 கிராம் இஞ்சியைத் தட்டிப் போட்டு, 200 கிராம் நாட்டுச் சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிடுங்கள். கை பொறுக்கும் சூடு போதாது, முழுதாக ஆற வேண்டும். இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்து, வடிகட்டிய கரைசல் அரை டம்ளர் சேர்த்து, சோடா பாட்டில்களில் நாலு விரல் இடம் விட்டு ஊற்றி இறுக மூடுங்கள்.

பாட்டில் பிளாஸ்டிக்காகத்தான் இருக்க வேண்டும். இது விளையாட்டில்லை, அதனால் காரணத்தையும் சொல்கிறேன். பீரைப் பாட்டிலில் அடைப்பது புளித்து முடிந்த பிறகு. கேஸ் ஏற்றுவதற்கென்று லிட்டருக்கு 8 கிராம் சர்க்கரை மட்டும் புதிதாகச் சேர்ப்போம். இஞ்சி சோடாவை அடைப்பது புளிக்கத் தொடங்கும்போது. லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை அப்படியே உள்ளே இருக்கிறது. அத்தனையும் புளித்தால் எழும் அழுத்தத்தை எந்தக் கண்ணாடியும் தாங்காது. பழைய பீர் பாட்டிலும் வேண்டாம், ஆசைக்குக் கோலி சோடா பாட்டிலும் வேண்டாம். பிளாஸ்டிக் பாட்டிலில் இன்னொரு வசதி, விரலால் அமுக்கிப் பார்க்கலாம். அடைத்தபோது நெகிழும். கேஸ் ஏற ஏற இறுகும். கல் போல ஆனதும் அந்த நிமிடமே ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். சித்திரையில் எனக்கு 18 மணி நேரத்தில் இறுகியது, போன தையில் இரண்டு நாள் ஆனது.

ஃப்ரிட்ஜுக்குப் போவது இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். புளிக்கும் பானம் எதிலும் துளி மது உண்டு. ஒரு நாளில் குளிரில் வைத்துவிட்டால் அது மிகக் குறைவு. வெளியிலேயே நாள்கணக்கில் விட்டால் அந்த 200 கிராம் சர்க்கரை நாலைந்து சதவீத மது வரை போகக்கூடும். அப்புறம் அது சோடா இல்லை, மேலே சொன்ன சட்டத்துக்குள் வந்துவிடும். துளியும் கூடாது என்பவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இதைக் கொடுக்காதீர்கள். குளிர வைத்ததை ஒரு வாரத்துக்குள் குடித்துவிடுங்கள்.

ருசியில் பீருக்கு இது ஈடாகுமா? கசப்பும் மால்ட் மணமும் வராது. ஆனால் மத்தியான வெயிலில் வயலிலிருந்து வந்து, மூடியை மெல்லத் திருகி, ‘ஸ்ஸ்’ என்று அந்தக் காற்று போகும்போது மூக்கில் ஏறும் இஞ்சி வாசனை இருக்கிறதே, அது எந்த டப்பாவிலும் வராது. கூடவே கைப்பழக்கமும் வரும். கொதிநீரில் பாத்திரம் கழுவுவது, ஆறும்வரை காத்திருப்பது, அழுத்தத்தைப் பார்த்து நேரம் முடிவு செய்வது எல்லாம் பீருக்கும் அப்படியே வேண்டியவை. கெட்டுப்போனாலும் நஷ்டம் இரண்டு லிட்டர்தான், 23 லிட்டர் இல்லை.

நான் சிங்கப்பூரில் இருந்தபோது கடை இஞ்சியில் இதை இருமுறை முயன்றேன். குமிழி வரவே இல்லை. பளபளவென்று கழுவி, முளைக்காதபடி பதப்படுத்தி வரும் இஞ்சியில் உயிர் மிச்சம் இருப்பதில்லை. இங்கே பொங்கல் சந்தையில் மஞ்சள் கொத்தோடு பானையில் கட்ட வரும் இஞ்சிக் கொத்து, இலையோடு, வேரில் மண் ஒட்டியபடி கிடைக்கும். அதைவிட நல்ல இஞ்சி இதற்குக் கிடையாது. தம்பி போகியன்று வருகிறான். நான் அதற்கு நாலு நாள் முன்பே பந்தலடி கடைத்தெருவில் முதல் கொத்து வந்ததும் வாங்கிக் கரைசலைத் தொடங்கிவிடுவேன். டப்பா செட் அவன் அறையிலேயே இருக்கட்டும். வரும்போது நல்ல மூடி உள்ள சோடா பாட்டில் ஆறு மட்டும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.